ஆக்சில் பீமைத் திரும்ப மாட்டும்போது ஹேண்ட் பிரேக் ஒயரைக் கோர்க்கும் முறை

பின்பக்க சஸ்பென்ஷன் வேலையில் புஷ் (பீமைப் பாடியோடு இணைக்கும் இடத்து ரப்பர்), ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் கவனமாக ஏறிவிடும். கடைசியில் அவசரத்தில் மாட்டப்படுவது ஹேண்ட் பிரேக் ஒயர்தான். நுனியைக் கொக்கியில் போட்டு, உள்ளே நட்டை இறுக்கி, லிவர் பிடித்தால் போதும் என்று வண்டியை இறக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ஒரு பக்க டிரம் கொதிக்கும், இல்லையென்றால் மேட்டில் வண்டி பின்னால் நகரும். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரில்தான் சரிசெய்ய வேண்டும். ஒயரை இழுத்து அதை ஈடுகட்டினால் பிரேக் கெடும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் இதற்காகத்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் இருக்கும் அமைப்பு: பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் பீம், இரு பக்கமும் டிரம் பிரேக், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒயர்கள். பின்னால் டிஸ்க் உள்ள வண்டியிலும் ஒயர் ஓடும் வழி, பிராக்கெட் விஷயங்கள் கிட்டத்தட்ட இதேதான். மோட்டாரில் இயங்கும் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனர் மாட்டி சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் தொடக் கூடாது.

ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியில்தான் வேலை செய்கிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, கியரில் வண்டி, பாடிக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

முதல் வேலை காருக்கு உள்ளே. லிவரை முழுவதும் இறக்கிவிட்டு, கன்சோலுக்குள் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் நீளமான 10 மிமீ சாக்கெட் போதும். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிந்தது என்று முதலில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் முழுத் தொய்வோடு இருந்தால்தான் டிரம்முக்குள் நுனி சிரமமில்லாமல் ஏறும். நட்டைத் தளர்த்தாமல் பிளையரால் மல்லுக்கட்டினால் உள்கம்பியின் இழைகள் பிரியும். பிரிந்த இழை ஒன்றே ஒன்றானாலும் அந்த ஒயரைத் திரும்பப் போடாதீர்கள்.

பழைய ஒயரையே போடுவதானால் கையால் இழுத்துப் பாருங்கள். உள்கம்பி தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். மேலுறை கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்திருக்கும். அப்படிப்பட்ட ஒயர் இழுத்தால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. எண்ணெய் விட்டு ஓட்டுவது நாலு நாளைக்குத்தான். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய ஒயர் வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள், ஏனென்றால் பல கார்களில் இடது ஒயரும் வலது ஒயரும் ஒரே நீளம் இல்லை.

பீமை ஏற்றி, புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு ஒயருக்கு வாருங்கள். டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டின் கீழ்ப்பக்கம் ஒரு துளை இருக்கும். ஒயரின் வெளியுறை நுனியில் விரிந்து நிற்கும் பற்கள் அந்தத் துளைக்குள் அமுங்கிப் போய், மறுபக்கம் விரிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். துளையைச் சுற்றியுள்ள துருவை முதலில் சுரண்டிவிடுங்கள். உறையை நேராகத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல் டிரம் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாப் பற்களும் வெளியே விரிந்திருக்க வேண்டும். ஒரு பல் துளை விளிம்பில் ஏறி நின்றால் உறை லேசாகச் சாய்ந்திருக்கும். அப்படியே விட்டால் நாலு தடவை லிவரை இழுத்ததும் உறை இடம் மாறும், காலையில் ஆறு கிளிக்கில் பிடித்த லிவர் சாயங்காலம் பத்துக்குப் போகும். திரும்பக் கழற்ற 12 ரிங் ஸ்பேனரைப் பற்களின் மேல் கோர்த்தால் மொத்தமாக அமுங்கிவிடும்.

இனி டிரம்முக்குள். பழைய லைனிங் (ஷூவில் டிரம்மோடு உரசும் பகுதி) தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். ஷூ உரசும் பேக் பிளேட் மேடுகளில் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும், லைனிங்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. ஹேண்ட் பிரேக் லிவர் தகடு பின்பக்க ஷூவில் பின் போட்டு நிற்கும். அந்தப் பின்னைப் பிடிக்கும் கிளிப் ஒருமுறை விரிந்தால் பழையபடி இறுகாது, புதியது போடுங்கள். ஒயர் நுனியில் இருக்கும் ஸ்பிரிங்கை நோஸ் பிளையரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, வெளித்தெரியும் கம்பியை லிவர் தகட்டின் கொக்கியில் நுழைத்து, ஸ்பிரிங்கை விடுங்கள். நுனிக் குண்டு கொக்கிக்குள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒயர் தொய்வாக இருக்கும்போது லிவர் தகடு ஷூவின் ஓரத்தில் போய் முழுசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் ஒயர் எங்கோ இழுபட்டிருக்கிறது. இந்த நிலையில் தானாக இடைவெளி குறைக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. லைனிங் தேயத் தேய பெடல் கீழே போகும், ஷூ பாதி பிடித்தபடியே ஓடும். இடது வலது அட்ஜஸ்டரை மாற்றிப் போட்டாலும் அது சரியாக வேலை செய்யாது. கழற்றும்போதே குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பீமிலும் பாடியிலும் ஒயரைப் பிடிக்கும் பிராக்கெட் ஒவ்வொன்றும் பழைய இடத்திலேயே வர வேண்டும். 10 தலை போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 12 தலைக்குச் சுமார் 25. அதற்கு மேல் போனால் பீமில் இருக்கும் மரை போய்விடும். ஒரு பிராக்கெட்டை விட்டுவிட்டு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுவது கூடவே கூடாது: ஒயர் சைலன்சர் பக்கம் தொங்கினால் உறை உருகும், ஸ்பிரிங் பக்கம் சாய்ந்தால் அறுபடும். ஏபிஎஸ் ஒயரும் பிரேக் ஹோஸும் முறுக்கிக்கொள்ளாமல் தனித்தனியே ஓடுகின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்து, வண்டி தரையில் நிற்கும் உயரம்வரை தூக்குங்கள். புஷ் போல்ட்டுகளுக்கு முழு இறுக்கம் இந்த உயரத்தில்தான். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மெதுவாக இறக்கி ஏற்றி, முழுவதும் தொங்கும்போது ஒயர் விறைக்கிறதா, மேலே வரும்போது எதிலாவது நசுங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டு டிரம்மையும் மாட்டியபின்தான் பெடலைத் தொட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் ஹோஸைக் கழற்றியிருந்தால் லைனில் இருக்கும் காற்றை எடுத்து முடியுங்கள். அதன்பின் பெடலை நன்றாக அழுத்தி அழுத்தி விடுங்கள், டிரம்முக்குள் அட்ஜஸ்டர் நகரும் சத்தம் நிற்கும்வரை. பதினைந்து இருபது தடவை ஆகலாம்.

இப்போதுதான் நட்டு. முதலில் லிவரை நாலைந்து தடவை பலமாக இழுத்து விட்டு ஒயரை உட்கார வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிளிக்குக்குக் கொண்டுவாருங்கள். பல கார்களில் அது ஐந்திலிருந்து எட்டுக்குள் வரும். இரண்டு கிளிக்கிலேயே பிடித்தால் அது நல்ல வேலையல்ல, ஷூ உரசிக்கொண்டிருக்கிறது. லிவர் இழுத்த நிலையில் இரண்டு ஒயரும் சேரும் ஈக்வலைசர் தகடு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த வித்தியாசம் டிரம்மில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். நட்டுக்கு வெளியே மரை முன்பு எண்ணியதைவிட ரொம்ப அதிகமாகத் தெரிந்தாலும் இதே பதில்தான்.

லிவரை இறக்கி இரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை, சக்கரம் கனமாகச் சுற்றக் கூடாது. முதல் கிளிக்கில் டேஷ்போர்டு விளக்கு எரிந்து, இறக்கியதும் அணைய வேண்டும். அடுத்து ஒரு மேட்டில் கியரை நியூட்ரலில் வைத்து நிறுத்திப் பாருங்கள், கால் பிரேக் பெடலுக்கு மேலேயே இருக்கட்டும். கடைசியாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, இரு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் நட்டைத் தளர்த்தி ஒப்பேற்றாமல் அந்த டிரம்மைத் திறந்து, லிவர் தகடு ஷூ ஓரத்தில் சாய்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.