வடசென்னையில் வாடகை வீடு: ஹவுஸ் ஓனரோடு மனக்கசப்பு வராமல் குடியிருக்க

தண்ணி, கரண்ட், அட்வான்ஸ். வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஓனரும் குடித்தனக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் விசாரித்துப் பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இந்தப் பக்கம் ஓனர் பெரும்பாலும் அதே கட்டடத்தில்தான் இருப்பார். கேட், மாடிப்படி, மோட்டார் சுவிட்ச் எல்லாம் பொது. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய முகம் என்பதால் கணக்கு கேட்கவே கூச்சம் வரும். கேட்காமல் சேர்ந்த கணக்கு ஒருநாள் சண்டையாக வெடிக்கும். ஆகவே கூச்சப்படாமல் குடியேறும் முன்பே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

தரைத்தள வீடு என்றால் முதலில் சுவரைப் பாருங்கள். இடுப்புயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் மழைத் தண்ணீர் அதுவரை ஏறியிருக்க வாய்ப்புண்டு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு பக்கம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக் கடையில் கேட்டால் கையை வைத்தே அளவு காட்டுவார்கள். மீட்டர் பெட்டி அந்த அளவுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. கோடையில் குளுமையாக இருக்கும். ஆனால் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் உத்திரம் மக்கும், ஓனருக்கு அந்தக் கூரைதான் பெரிய கவலை. அங்கே பெரிய பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீர் இறங்கும் வாயில் கிடக்கும் சருகை அள்ளிப் போடுங்கள். சுவரும் சுண்ணாம்புப் பூச்சு என்பதால் ஆணி அடித்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். ஏற்கெனவே இருக்கும் ஆணி, மரச்சட்டம் இவற்றிலேயே மாட்டிக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ், அக்ரிமென்ட், லீஸ்

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த ‘வேறுவிதமாக’ என்ற இடத்தில்தான் ஐந்து மாதம், பத்து மாதம் எல்லாம் நுழைகிறது. தொகை எதுவானாலும் ஒப்பந்தத்தில் எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரியும் கட்டாயம் வேண்டும்.

வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள். வயதான ஓனர் ‘குடக்கூலியைக் கையில குடுப்பா’ என்று கேட்டால் கொடுக்கலாம், கூடவே ஒரு சின்ன நோட்டில் தேதி, தொகை, மாதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கேட்பது உங்கள் உரிமை. ஐந்தாம் தேதி தரவேண்டியதைத் தர முடியாது என்றால் மூன்றாம் தேதியே சொல்லிவிடுங்கள். எட்டாம் தேதி அவர் கதவைத் தட்டிய பிறகு சொன்னால் அதே காரணம் சாக்குப்போக்காகத் தெரியும்.

லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு, வீடு எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கும் ஏற்பாடு இது. அந்த வீட்டை ஓனர் ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருந்து, கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் உங்கள் பணம் நடுத்தெருவில் நிற்கும். வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் அடமானம், விற்பனை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குச் செலவாகுமே என்று ஓனர் இழுத்தால் அந்த வீடு வேண்டாம்.

கரண்ட் கணக்கு

உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர், அதாவது தனி மின் இணைப்பு, இருந்தால் பிரச்சினை குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிடலாம். அரசு தரும் இலவச யூனிட்டும் உங்களுக்கே கிடைக்கும்.

தகராறு சப்-மீட்டரில்தான், அதாவது ஒரே இணைப்பில் ஒவ்வொரு போர்ஷனும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஓனர் தனியாக மாட்டும் மீட்டரில். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ் என்றால் இலவச யூனிட்டும் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். மொத்த யூனிட் ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘கவர்மென்ட் ரேட் கம்மிதானே’ என்று ஓனரிடம் வாதம் செய்தால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் உண்டு. அதற்காக யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் வேண்டாம். மெயின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

உதாரணமாக, மெயின் மீட்டரில் 620 யூனிட், பில் 3,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி யூனிட்டுக்கு 5 ரூபாய். மூன்று சப்-மீட்டரையும் கூட்டினால் 560 வருகிறது. மீதி 60 யூனிட் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் இழுத்தது. அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 20. உங்கள் சப்-மீட்டர் 180 ஓடியிருந்தால் 200 யூனிட்டுக்கு 1,000 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் அந்த 180-க்கே 1,620 ஆகியிருக்கும். குடியேறும் அன்றே இந்த முறையில் பிரிப்போமா என்று கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். இ.பி.க்காரர் மெயின் மீட்டரில் ரீடிங் எடுக்கும் அதே நாளில் எல்லா சப்-மீட்டரையும் படம் எடுக்க வேண்டும். நாலு நாள் தள்ளி எடுத்தால் கூட்டல் ஒத்து வராது.

ஏ.சி. மாட்டுவதாக இருந்தால் சொல்லாமல் மாட்டாதீர்கள். பழைய வயரிங்கில் 1.5 டன் ஏ.சி.யைச் சாதாரண பிளக்கில் செருகினால் வயர் சூடாகி உருகும். 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன், 20 ஆம்ப் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். வயர் செலவு யாருடையது, போகும்போது பைப்புக்குப் போட்ட ஓட்டையை யார் அடைப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தண்ணியும் சாக்கடையும்

குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணி எத்தனை மணிக்கு வரும், சம்ப்பிலிருந்து (தரைக்கடியில் உள்ள தொட்டி) மேலே ஏற்றும் மோட்டாரை யார் போடுவது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்ச் போட்டவர்தான் அணைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து கொட்டினால் தெருவே பார்க்கும். லாரி தண்ணி வாங்கும் மாதங்களில் காசை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் சரி. ஆகவே எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதில் பொய் சொல்லாதீர்கள். நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் இருந்தால் தண்ணியே காட்டிக்கொடுத்துவிடும். டிரம்மில் பிடித்து வைத்தால் மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அந்த விளிம்பில்தான் முட்டை ஒட்டும்.

கடலோரத்தில் போர்வெல் தண்ணி உப்பு. தரையிலும் குழாயிலும் வெள்ளை படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் மொசைக் தரை அரித்துச் சொரசொரப்பாகிவிடும், காலி செய்யும்போது அது உங்கள் கணக்கில் ஏறும். வினிகரை நீர்த்துத் துணியில் நனைத்துக் குழாயில் மட்டும் சுற்றி வைத்துத் துடையுங்கள். மொசைக்குக்கு அதுவும் ஆகாது, சோப்பு நீர் போதும்.

இந்தப் பக்கம் மீன் இல்லாத வாரம் ஏது. செதிலையும் குடலையும் சிங்க்கில் கழுவி விடாமல் காகிதத்தில் மடித்துக் குப்பை வண்டிக்குப் போடுங்கள். செதிலும் ஆறிய எண்ணெயும் சேர்ந்தால் பைப்பில் பசை மாதிரி ஒட்டும். உங்கள் போர்ஷனுக்குள் அடைத்தால் செலவு உங்களுடையது. பொதுச் சேம்பரில் (எல்லா வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும் தொட்டி) அடைத்தால் ஓனரிடம் சொல்லுங்கள். தெருச் சாக்கடை பொங்கினால் 1916-ல் குடிநீர் வாரியத்துக்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணை ஓனருக்கும் அனுப்புங்கள்.

பழுது யார் தலையில்

ஒப்பந்தத்தில் வேறு எழுதாவிட்டால் கட்டட விரிசல், வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை சுத்தம் குடித்தனக்காரர் பொறுப்பு. நூறு ரூபாய் வாஷருக்கெல்லாம் மாடி ஏறி வரச்சொன்னால், நாளைக்குக் கூரை ஒழுகும்போது உங்கள் பேச்சு எடுபடாது. பெரிய பழுதை நேரில் சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்: ‘அம்மா, பாத்ரூம் மேல் பைப் நேத்து ராத்திரியிலேர்ந்து கசியுது. போட்டோ அனுப்பியிருக்கேன். பிளம்பரை நான் கூட்டிட்டு வரட்டுமா, நீங்க சொல்றீங்களா?’ கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்காமல் ஆளைக் கூட்டிவந்து செலவை வாடகையில் கழித்தால் உறவு அங்கேயே முறியும்.

உறவுக்காரர் பத்து நாள் தங்க வந்தால் ஒரு வார்த்தை. ராத்திரி கேட் பூட்டும் நேரம் தாண்டும் வேலை என்றால் தனிச் சாவி. வண்டியை அடுத்தவர் வண்டி எடுக்க வழிவிட்டு நிறுத்துங்கள். இவ்வளவு போதும்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ளபடி முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், அந்த மாதங்களில் காலி செய்தால் வீடு சும்மா கிடக்குமே என்று ஓனர் முகம் சுருங்கும். முடிந்தால் முன்போ பின்போ தள்ளுங்கள். ‘கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சிக்குங்க’ என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அவர் அந்தப் பணத்தை வேறெதிலாவது போட்டிருப்பார், அல்லது பழுதுக்கு ஒதுக்கியிருப்பார். சட்டப்படி பிடித்தம் போக மீதியை நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். குடியேறிய அன்று அறை அறையாக எடுத்த படங்களை அன்றே அவருக்கும் அனுப்பியிருந்தால் எந்தக் கறை பழசு, எது புதுசு என்ற பேச்சு அஞ்சு நிமிடத்தில் முடியும்.

சாமான் ஏற்றிய பிறகு வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவிகளை எண்ணிக் கொடுங்கள். மெயின் மீட்டர், சப்-மீட்டர் இரண்டையும் ஓனர் பக்கத்தில் இருக்கும்போதே படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்தவர் குடிவந்து மீட்டர் ஓடிய பிறகு எடுக்கும் ரீடிங்கை வைத்து யாராலும் கணக்கு போட முடியாது.