கான்ஃப்ளிக்ட் வந்ததும் எடிட்டரில் செய்யக் கூடாதவை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துச் சின்ன மென்பொருள் அலுவலகங்களுக்குக் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளுக்கு நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் கமிட் (பதிவது), புஷ் (அனுப்புவது), புல் (வாங்குவது) எல்லாம் கைப்பழக்கம். இரண்டு பேரின் மாற்றங்களை இணைக்கும்போது (மெர்ஜ்) அவை ஒரே இடத்தில் மோதும் முதல் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும்போதுதான் முகம் மாறும். அப்புறம், பழைய ஆட்கள் என்றோ செய்த தவறுகளை அதே வரிசையில் செய்வார்கள். சேவ் செய்யாமல் கமிட் போடுவது, <<<<<<< என்று கிட் போடும் கான்ஃப்ளிக்ட் குறியை அழிக்க மறப்பது போன்றவற்றை இங்கே பேச வேண்டாம். அந்தக் குறியைப் பெரும்பாலும் கம்பைலரே பிடித்துக் கொடுத்துவிடும். ‘கிட் டிஃப் --செக்’ போட்டாலும் தெரிந்துவிடும். எந்தக் கருவியும் பிடிக்காத தவறுகள்தான் காசைத் தின்பவை.

## பிரிந்த இடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது

எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத தவறு இது. நெல் கொள்முதல் நிலையத்துக்கான ஒரு செயலியின் அமைப்புக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான உச்ச வரம்பு 17 சதவீதம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அரசு தளர்வு கொடுப்பதுண்டு. ‘குறுவை’ என்ற பிராஞ்சை (தனியாகப் பிரித்து எழுதிய கிளையை) முதன்மைக் கிளையான மெயினில் மெர்ஜ் செய்யும்போது எடிட்டரில் இப்படி வருகிறது (மேல் பாதியான ‘ஹெட்’ மெயினில் இருப்பது, கீழ்ப் பாதி குறுவையில் இருப்பது):

<<<<<<< ஹெட்
ஈரப்பத_வரம்பு = 17
மழைக்கால_தளர்வு = 2
=======
ஈரப்பத_வரம்பு = 19
>>>>>>> குறுவை

புதியவரின் கை நேராக, இரண்டு பக்கத்தையும் ஏற்கும் ‘அக்செப்ட் போத்’ பொத்தானுக்குப் போகும். இரண்டு பேர் உழைப்பும் வீணாகாது என்ற நல்லெண்ணம்தான். விளைவு: 17, அடுத்து தளர்வு 2, அதற்கும் கீழே 19. கடைசியாக வரும் மதிப்பே செல்லும் என்பதால் வரம்பு 19, தளர்வோடு சேர்த்து 21. எந்தப் பிழைச் செய்தியும் வராது. செயலி சாதுவாக ஓடும், 21 சதவீத ஈர நெல்லுக்கும் ‘சரி’ என்று பச்சை காட்டும். அந்த மூட்டைகள் அடுக்கில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்போது யாரும் கிட் வரலாற்றைத் தேடிப் பார்க்கப்போவதில்லை.

மேலே இருக்கும் இரண்டு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு சரியான விடை சொல்லவே முடியாது. காவிரியும் வெண்ணாறும் கல்லணையில் பிரிகிற மாதிரி, இரண்டு பிராஞ்சும் பிரிந்த இடம் ஒன்று உண்டு. (அந்த ஆறுகள் கீழே போய்ச் சேர வேண்டியதில்லை, நம் பிராஞ்சுகள் சேர்ந்தே ஆக வேண்டும்.) அங்கே என்ன இருந்தது என்பதே பேஸ். பேஸ் மாறினால் விடையும் மாறும்.

பேஸில் ‘ஈரப்பத_வரம்பு = 17’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது என்றால், இரண்டு பேரும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். ஒருவர் தளர்வைத் தனி வரியாகச் சேர்த்தார், மற்றவர் எண்ணையே மாற்றினார். இங்கே ஹெட் பக்கம் நிற்கட்டும். தளர்வு முடிந்த அன்று அந்த ஒரு வரியை எடுத்தால் போதும்.

பேஸில் 17-ம் அதன் கீழே ‘மழைக்கால_தளர்வு = 1’-ம் இருந்தன என்றால் கதை வேறு. மெயினில் ஒருவர் 1-ஐ 2 ஆக்கியிருக்கிறார். குறுவைக்காரர் தளர்வு என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 19 என்று ஒரே எண்ணாக்கிவிட்டார். தளர்வைப் படிக்கும் நிரலையும் அவர் நீக்கியிருப்பார். இப்போது ஹெட்டை வைத்தால் வரம்பு 17-க்கு இறங்கிவிடும்; தளர்வு வரி யாரும் படிக்காத செத்த வரியாகக் கிடக்கும். அடுத்த மழைக்கு ஒருவர் அதை 3 ஆக்கிவிட்டு, ஏன் ஒன்றும் மாறவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்.

பேஸைக் கண்ணில் காட்ட ஒரே ஒரு அமைப்பு போதும்: கிட் கான்ஃபிக்கில் ‘மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்’ மதிப்பை ‘டிஃப்3’ என்று வையுங்கள். கிட் 2.35 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பென்றால் ‘இசட்டிஃப்3’ இன்னும் நல்லது. இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் வரிகளை ஓரத்தில் கழித்துக் காட்டும். அதன்பின் கான்ஃப்ளிக்ட் மூன்று அடுக்காக வரும்:

<<<<<<< ஹெட்
ஈரப்பத_வரம்பு = 17
மழைக்கால_தளர்வு = 2
||||||| பேஸ்
ஈரப்பத_வரம்பு = 17
=======
ஈரப்பத_வரம்பு = 19
>>>>>>> குறுவை

நடு அடுக்கை முதலில் படியுங்கள். அதிலிருந்து மேலே என்ன மாறியது, கீழே என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே கான்ஃப்ளிக்டில் மாட்டியிருக்கும் கோப்புக்கு ‘கிட் செக்அவுட் --கான்ஃப்ளிக்ட்=டிஃப்3’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் குறிகளை மறுபடி எழுதித் தரும். ஆனால் அந்தக் கோப்பில் அதுவரை கையால் திருத்தியதெல்லாம் போய்விடும். யார் எதற்காக மாற்றினார்கள் என்பதற்கு ‘கிட் லாக் --மெர்ஜ் -பி’. அதிலும் புரியாவிட்டால் எழுதியவருக்கு ஃபோன் போடுங்கள், இரண்டு நிமிட வேலை.

## ரீபேஸில் ‘நம்முடையது’ நம்முடையது அல்ல

மெர்ஜில் ‘அவர்ஸ்’ (நம்முடையது) என்றால் நாம் நிற்கும் பிராஞ்ச். ரீபேஸில் கிட் முதலில் மெயினின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு, நம் கமிட்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைக்கிறது. ஆகவே அங்கே ‘அவர்ஸ்’, ‘கரண்ட்’ எல்லாம் மெயின்; ‘தெய்ர்ஸ்’, ‘இன்கமிங்’ என்பதுதான் நாம் எழுதியது. இது தெரியாமல் ‘அக்செப்ட் கரண்ட்’டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் ரீபேஸ் வெற்றி என்று வரும், மூன்று நாள் வேலை காணாமல் போயிருக்கும். >>>>>>> குறிக்குப் பக்கத்தில் கமிட்டின் தலைப்பு இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பொத்தானைத் தொடுங்கள். போனதை, கிட் நின்ற இடங்களின் பதிவான ‘கிட் ரெஃப்லாக்’ வழியாக மீட்கலாம். இப்படி அநாதையான கமிட்களின் பதிவு அங்கே இயல்பாக 30 நாள் இருக்கும்.

## கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

மேலும் கீழும் ஒரே வரி: ‘கொள்முதல் தேதி’. வித்தியாசமே தெரியாது, ஆனால் கான்ஃப்ளிக்ட். தமிழ்ச் சரங்கள் இருக்கும் கோப்புகளில் இது வரும். ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். விம் எடிட்டரில் அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்து ஜி, 8 என்று தட்டினால் பைட்டுகளைக் காட்டும். ஒற்றைக் குறி உள்ள பக்கத்தை வையுங்கள். உடைந்தது உள்ளே போனால், பிறகு ‘கொள்முதல்’ என்று தேடும்போது பாதி இடங்களில் சிக்காது.

## கான்ஃப்ளிக்டுக்கு நடுவே ஃபார்மட்டர்

நாலு வரி கான்ஃப்ளிக்டைத் தீர்த்து சேவ் செய்ததும், எடிட்டரின் ஃபார்மட்டர் கோப்பு முழுவதன் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தி 400 வரி மாற்றமாக்கிவிடும். எது தீர்ப்பு, எது இடைவெளி என்று ரிவ்யூ செய்பவருக்குத் தெரியாது. விஎஸ் கோடில் ‘சேவ் வித்அவுட் ஃபார்மட்டிங்’ இருக்கிறது. முழுக் கோப்பும் ஒரே கான்ஃப்ளிக்டாக வந்தால் வரி முடிவுக் குறிகளைச் சந்தேகியுங்கள்: ஒருவர் விண்டோஸ், ஒருவர் லினக்ஸ்.

## லாக் ஃபைலைக் கையால் ஒட்டுவது

கூடாது. நூலகங்களின் பட்டியல் இருக்கும் முதன்மைக் கோப்பைச் சரிசெய்து, அவற்றின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைக் கருவியே எழுத விடுங்கள்.

## குழம்பிய பிறகும் விம்மைச் சேவ் செய்து மூடுவது

‘கிட் மெர்ஜ்டூல்’ கட்டளை வழியாகத் திறந்த விம்டிஃப்பை (விம்மின் ஒப்பீட்டுத் திரையை) வழக்கம்போல சேவ் செய்து மூடினால், தீர்ந்தது என்று கிட் எடுத்துக்கொள்ளும். கைவிட நினைத்தால் கோலன், சி, க்யூ. தீர்த்த பின் கிடக்கும் ‘.ஆரிக்’ நகல் கோப்புகளைக் கமிட்டில் ஏற்றாதீர்கள்.

## தவறான தீர்ப்பை கிட்டுக்கே கற்றுக்கொடுப்பது

ஒரு முறை தீர்த்ததை நினைவில் வைத்து, அதே கான்ஃப்ளிக்ட் வந்தால் தானே போடும் ‘ரீரீரீ’ நல்ல வசதிதான். ஆனால் அந்த 21 சதவீதத் தீர்ப்பையும் அது அதே அக்கறையோடு நினைவில் வைத்திருக்கும். மெர்ஜை ரத்து செய்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே மூன்று வரி வந்து நிற்கும். கான்ஃப்ளிக்ட் திறந்திருக்கும்போதே ‘கிட் ரீரீரீ ஃபர்கெட்’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பிறகு குறிகளை வரவழைத்து, நடு அடுக்கிலிருந்து மறுபடி படியுங்கள்.