இந்துப்பும் பாகிஸ்தான் இறக்குமதித் தடையும்: கொள்முதலின்போது சரிபார்க்க வேண்டியவை

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் நாட்டு மருந்துக் கடை நடத்துவோருக்கு இந்துப்பு அன்றாடச் சரக்கு. நாம் விற்றுவந்த இளஞ்சிவப்பு இந்துப்பில் பெரும்பகுதி பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கப் பகுதியிலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் அந்நாட்டுச் சரக்குக்கு 200 சதவீதச் சுங்கவரி விதிக்கப்பட்டபோதுகூட, வரியைக் கட்டினால் இறக்குமதி செய்ய வழியிருந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 மே 2 அன்று வெளியான வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கை, அங்கே உற்பத்தியான அல்லது அங்கிருந்து ஏற்றுமதியான எல்லாப் பொருள்களுக்கும், அவை நேரடியாக வந்தாலும் வேறு நாடு சுற்றி வந்தாலும், அந்த வழியை அடைத்துவிட்டது. விலக்கு வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை.

ஆகவே, மொத்த வியாபாரி "துபாய்ச் சரக்கு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் இருப்பது கப்பலில் ஏற்றிய துறைமுகம். உப்பை வெட்டியெடுத்த இடத்தை அது காட்டாது. இறக்குமதியாளர் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியின் நகலைக் கேட்டு, சரக்கை அனுப்பிய நாட்டின் பெயரையும் உற்பத்தி நாட்டின் பெயரையும் தனித்தனியே பாருங்கள். இரண்டிலும் ஐக்கிய அரபு அமீரகம் என்றே இருந்தால், எந்தச் சுரங்கம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு சாக்கைப் புரட்டிப் பாருங்கள்: லேபிளின் மேல் லேபிள் ஒட்டியிருந்தாலோ, நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் இறக்க வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தின் மண்டிப் பகுதியில் வெட்டப்படும் பாறை உப்பு நம் நாட்டுச் சரக்கு. கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2025 ஜூனில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் மும்பைக்கு அருகிலுள்ள நவா ஷேவா துறைமுகத்தில் 39 கண்டெய்னர்களில் சுமார் 9 கோடி ரூபாய் மதிப்புள்ள 1,115 டன் பாகிஸ்தான் சரக்கைப் பிடித்தது. அதில் உலர் பேரீச்சையும் இருந்தது. காகிதங்கள் அமீரகத்துச் சரக்கு என்றே காட்டின.

தண்டனை இறக்குமதியாளரோடு நிற்பதில்லை. சுங்கச் சட்டம் 112ஆம் பிரிவின்படி, பறிமுதலுக்குரிய சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ அதை வாங்குபவர், விற்பவர், பதுக்கி வைப்பவர் அனைவர் மீதும் அபராதம் பாயும். தடை செய்யப்பட்ட சரக்கென்றால் அது சரக்கின் மதிப்பளவுக்குப் போகலாம். பொய்யான ஆவணத்தை அறிந்தே பயன்படுத்தினால் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் உண்டு. இறக்குமதி உரிம எண்ணும் முடக்கப்படலாம். வழக்கின் தன்மையையும் சரக்கின் மதிப்பையும் பொறுத்துச் சிறைத்தண்டனை 7 ஆண்டு வரை நீளும்.

தடைக்கு முன் முறையாக வந்திறங்கிய பழைய இருப்பு கடையில் இருந்தால், அதைப் புதுச் சரக்கோடு கலக்காமல் தனியே அடுக்கி, இறக்குமதித் தேதி தெரியும் பில் ஆஃப் என்ட்ரி நகலையும் ஜி.எஸ்.டி. பில்லையும் ஒரே கோப்பில் சேர்த்து, கடைசி சாக்கு விற்ற பிறகும் வைத்திருங்கள்.