பழைய போன் ஹாட்ஸ்பாட்டில் சேரவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

புதுப் போன் வாங்கியதும் பழையதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. சிம் இல்லாமல் பாட்டுக் கேட்க, பிள்ளைகள் பாடம் பார்க்க, பெரியவர்களுக்கு வீடியோ அழைப்புக்கு என்று வீட்டிலேயே ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம். அதற்கு இன்டர்நெட் புதுப் போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. போனில் பழுது இருப்பதைவிட, புதுப் போனின் ஹாட்ஸ்பாட் பழைய போனுக்குப் புரியாத முறையில் ஓடிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். படங்களும் எண்களும் போகும், சிக்கல் அப்படியே இருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் சேர்வது நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் பழைய போனின் வைஃபை பட்டியலில் பெயர் தெரிய வேண்டும். அடுத்து பாஸ்வேர்டு ஏற்கப்பட வேண்டும். பிறகு ஹாட்ஸ்பாட் போன் அதற்கு ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுக்க வேண்டும். கடைசியாக இன்டர்நெட் வர வேண்டும். உங்கள் போன் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன்

1. ஹாட்ஸ்பாட் தரும் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஒரு இணையப் பக்கம் திறக்கிறதா பாருங்கள். அதிலேயே வரவில்லை என்றால் பழைய போனைக் குறை சொல்லிப் பயனில்லை.
2. அதே போனில் டேட்டா சேவரையும் பேட்டரி சேவரையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் ஓடும்போது ஹாட்ஸ்பாட்டைப் போட முடியாது.
3. இரண்டு போன்களையும் முழுவதும் அணைத்துப் போடுங்கள். பிறகு ஒரு மீட்டர் தூரத்துக்குள் வையுங்கள்.
4. மூன்றாவதாக ஒரு போனை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். பழைய போனை வேறொரு வைஃபையில் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவதைத் தவிர்க்காதீர்கள். பழைய போன் வேறு வைஃபையில் சேர்கிறது, இந்த ஹாட்ஸ்பாட்டில் மட்டும் சேரவில்லை என்றால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் புதுப் போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. எந்த வைஃபையிலும் சேரவில்லை என்றால் கோளாறு பழைய போனில்.

பெயரே தெரியவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வைஃபை முக்கியமாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2013-இல் வந்த முதல் மோட்டோ ஜி, 2015-இன் சாம்சங் கேலக்ஸி ஜே2, ஐபோன் 4எஸ் போன்றவற்றில் 2.4 மட்டுமே உண்டு. ஐபோன்களில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வந்ததே ஐபோன் 5-இலிருந்துதான். புதுப் போன் 5-இல் ஹாட்ஸ்பாட் ஓட்டினால் இந்தப் போன்களின் பட்டியலில் அதன் பெயர் வரவே வராது. பக்கத்திலிருக்கும் மற்றவர்களின் போன்களில் மட்டும் தெரியும்.

புதுப் போனில் இப்படி மாற்றுங்கள்:

சாம்சங்: செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று உள்ளே போங்கள். நெட்வொர்க் பெயர் இருக்கும் பகுதியைத் தொட்டால் பேண்ட் என்ற வரி வரும். அதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்ந்து சேமியுங்கள்.

பிக்சல், அதைப் போன்ற சுத்தமான ஆண்ட்ராய்டு போன்கள்: நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங், வைஃபை ஹாட்ஸ்பாட். அங்கே எக்ஸ்டெண்ட் கம்பேட்டிபிலிட்டி என்ற சுவிட்சைப் போடுங்கள். புதிய பதிப்புகளில் இதே இடத்தில் வேகம், பொருத்தம் பற்றிய தெரிவு தனியாக இருக்கும். 2.4 உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐபோன் 12-உம் அதற்குப் பிறகு வந்தவையும்: செட்டிங்ஸ், பர்சனல் ஹாட்ஸ்பாட்டில் மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டியைப் போடுங்கள். பழைய போன் சேரும்வரை அந்தத் திரையை விட்டு வெளியே வராதீர்கள். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் ஐபோன் தன் ஹாட்ஸ்பாட் பெயரை அறிவிப்பதை நிறுத்திவிடும்.

மற்ற நிறுவனங்களின் போன்களில் ஏபி பேண்ட் அல்லது ஃப்ரீக்வென்சி என்று இருக்கும். மாற்றியதும் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வேகம் குறையுமே என்று கவலை வேண்டாம். பாடம் பார்க்கவும் வீடியோ அழைப்புக்கும் 2.4 தாராளமாகப் போதும், சுவர் தாண்டி எட்டுவதும் அதுதான்.

2.4-க்கு மாற்றியும் தெரியவில்லையா? இவற்றைப் பாருங்கள்.

புதுப் போன் அதே நேரத்தில் வீட்டு வைஃபையிலும் சேர்ந்திருக்கலாம். சில போன்கள் அந்த வைஃபை ஓடும் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலிலேயே (அலைவரிசைக்குள் உள்ள ஒரு பகுதி) ஹாட்ஸ்பாட்டையும் ஓட்டிவிடும். வைஃபையை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மறுபடி போடுங்கள்.

ஹிட்டன் நெட்வொர்க், வைஃபை 6 என்ற தெரிவுகள் இருந்தால் இரண்டையும் அணையுங்கள்.

பழைய ஆண்ட்ராய்டுகளில் வைஃபை, அட்வான்ஸ்ட் என்ற இடத்தில் வைஃபை ஃப்ரீக்வென்சி பேண்ட் என்று ஒரு வரி இருக்கும். யாரோ அதை 5 மட்டும் என்று வைத்திருக்கலாம். ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. 2.4-இல் இந்தியாவில் 13 சேனல்கள் வரை அனுமதி. அமெரிக்கச் சந்தைக்கான போன்கள் வழக்கமாக 11 வரைதான் தேடும். ஹாட்ஸ்பாட் 12-இலோ 13-இலோ ஓடினால் அந்தப் போனுக்குத் தெரியாது. புதுப் போனில் சேனல் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைஃபை பெயருக்கு இடம் 32 பைட்டுகள்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆக 10 குறிகளுக்கு மேல் அடங்காது. அடங்கினாலும் சில பழைய போன்கள் அதைக் கட்டம் கட்டமாகக் காட்டும். சோதிக்கும்வரையாவது ஐந்தாறு ஆங்கில எழுத்துகளில் பெயர் வையுங்கள். இமோஜி, மேற்கோள் குறி, இடைவெளி எதுவும் வேண்டாம். ஐபோனில் போனின் பெயர்தான் ஹாட்ஸ்பாட்டின் பெயர். ஜெனரல், அபவுட், நேம் என்ற இடத்தில் மாற்றலாம்.

பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

அத்தென்டிகேஷன் ப்ராப்ளம் என்று வந்தால், அல்லது வெறுமனே சேவ்டு என்று காட்டி அப்படியே நின்றால், கோளாறு பாஸ்வேர்டிலோ பாதுகாப்பு முறையிலோ இருக்கிறது.

முதலில் பழைய போனில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து ஃபர்கெட் கொடுங்கள். பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும் போன்கள் ஏராளம். பிறகு ஷோ பாஸ்வேர்டைத் தொட்டு, எழுத்துகளைக் கண்ணால் பார்த்தபடி தட்டுங்கள். கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பேரெழுத்தாக்கிவிடும். ஓ எழுத்தும் பூஜ்யமும், சிறிய எல்லும் ஒன்றும் குழப்பும். பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். ஐபோனில் வேற்றுமொழி எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தால் மற்ற சாதனங்கள் சேரவே முடியாது.

பாஸ்வேர்டு சரிதான் என்று உறுதியான பிறகும் சேரவில்லையா? பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதுப் போன்கள் டபிள்யூபிஏ3 முறையைப் பயன்படுத்துகின்றன. அது 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 13-இலிருந்தும்தான் வந்தது. அதற்கு முந்தைய போனுக்கு அந்த முறை தெரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்று இரண்டையும் கலந்து வைத்தாலும் சில பழைய சிப்கள் தடுமாறும். அதனால் சாம்சங்கில் அதே ஹாட்ஸ்பாட் பக்கத்திலும், மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் செக்யூரிட்டி என்ற வரியிலும் டபிள்யூபிஏ2 பர்சனல் மட்டும் என்று வையுங்கள். ப்ரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃப்ரேம்ஸ் என்று தனித் தெரிவு இருந்தால் அணைத்துப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு நீளமான பாஸ்வேர்டோடு டபிள்யூபிஏ2 போதுமானது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரு நிமிடத்துக்கு மட்டும் செக்யூரிட்டியை நன் (None) என்று வைத்து, பாஸ்வேர்டு இல்லாமல் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் கோளாறு பாதுகாப்பு முறையில்தான் என்று உறுதி. உடனே டபிள்யூபிஏ2-க்குத் திருப்பிவிடுங்கள். திறந்த ஹாட்ஸ்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உங்கள் டேட்டாவை எடுக்கலாம்.

சேரும் சாதனங்களின் எண்ணிக்கை வரம்பு, அனுமதித்த சாதனங்கள் மட்டும் என்ற பட்டியல், தடுத்த சாதனங்களின் பட்டியல் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் போனை எப்போதோ தடுத்துவிட்டு மறந்திருப்பது சகஜம்.

ஐபி முகவரி கிடைக்காமல் சுற்றுகிறது

அப்டெய்னிங் ஐபி அட்ரஸ் என்று சுற்றிக்கொண்டே இருந்தால் பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது. இனி அதைத் தொடாதீர்கள். பழைய போனில் அந்த நெட்வொர்க்கை அழுத்திப் பிடித்து, மாடிஃபை, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போனால் ஐபி செட்டிங்ஸ் என்று இருக்கும். அது டிஎச்சிபி (முகவரியைத் தானாக வாங்கும் முறை) என்று இருக்க வேண்டும். ஸ்டாட்டிக் என்று இருந்தால் அதுதான் காரணம். பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்கள் 192.168.43-இல் தொடங்கும் முகவரிகளைத் தந்தன. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து அந்த எண்கள் மாறிக்கொண்டிருக்கும். முன்பு கையால் எழுதிவைத்த முகவரி புது ஹாட்ஸ்பாட்டுக்குப் பொருந்தாது. ப்ராக்ஸி நன் என்று இருப்பதையும் அங்கேயே பாருங்கள்.

டிஎச்சிபி என்றுதான் இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் கையால் கொடுக்கலாம். ஐபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு இந்த எண்கள்: ஐபி முகவரி 172.20.10.9, கேட்வே 172.20.10.1, ப்ரிஃபிக்ஸ் நீளம் 28, டிஎன்எஸ் 8.8.8.8. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால், சேர்ந்திருக்கும் இன்னொரு போனின் வைஃபை விவரத்தில் கேட்வே எண்ணைப் பார்த்து, அதன் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி எழுதுங்கள். ப்ரிஃபிக்ஸ் நீளம் பொதுவாக 24.

சேர்ந்துவிட்டது, இன்டர்நெட் இல்லை

முதலில் பழைய போனின் தேதியும் நேரமும். சிம் இல்லாமல் பேட்டரி தீர்ந்து கிடந்த போன் பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றிருக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. கையால் சரிசெய்யுங்கள்.

தேதி சரி, சில தளங்கள் திறக்கின்றன, சில சான்றிதழ் (தளம் உண்மையானது என்று உறுதிசெய்யும் மின்னணுச் சான்று) பிழை காட்டுகின்றன என்றால் ஹாட்ஸ்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழை ஏராளமான தளங்கள் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் அதன் மூலச் சான்றிதழ் கிடையாது. பழைய போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரில் முடிந்தது. பயர்பாக்ஸ் உலாவி தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கும், அதனால் உங்கள் போனில் ஓடும் பதிப்பு ஒன்று கிடைத்தால் அதில் திறந்து பாருங்கள்.

எந்தத் தளமும் திறக்கவில்லை, மூன்றாவது போனிலும் இதே கதை என்றால் புதுப் போனில் விபிஎன்-ஐ (இன்டர்நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் செலுத்தும் செயலி) அணையுங்கள். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா பாருங்கள். பல ப்ரீபெய்டு திட்டங்களில் தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதில் இரண்டு போன்கள் ஓடினால் இன்டர்நெட்டே இல்லாதது போலத்தான் இருக்கும். அளவு மீதம் இருக்கிறது என்றால் ஏபிஎன்-ஐ, அதாவது சிம் இன்டர்நெட்டில் சேரும் வழியைச் சொல்லும் செட்டிங்கைப் பாருங்கள். சிம் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஏபிஎன்-ஐத் திறந்து, ஏபிஎன் டைப் என்ற வரியில் டிஃபால்ட் என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி வைத்து, டி, யு, என் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேருங்கள். ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் டேட்டாவைக் குறிக்கும் சொல் அது. சேமித்தபின் ஏர்ப்ளேன் மோடை ஒருமுறை போட்டு அணையுங்கள்.

இன்டர்நெட் வந்ததும் உடனே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பழைய போன் மாதக்கணக்கில் தேங்கிய அப்டேட்டுகளை எல்லாம் இறக்கத் தொடங்கும். உங்கள் ஒரு நாள் டேட்டாவான 1.5 ஜிபி அரை மணி நேரத்தில் காலியாகலாம். ப்ளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். பழைய ஆண்ட்ராய்டில் டேட்டா யூசேஜ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் மொபைல் ஹாட்ஸ்பாட்ஸ் அல்லது நெட்வொர்க் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் இந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைக் குறித்துவிட்டால் பின்னணிப் பதிவிறக்கம் அடங்கும்.

எதற்கும் அசையவில்லை என்றால்

ஆண்ட்ராய்டு 6-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் பேக்கப் அண்ட் ரீசெட் பகுதியிலோ, சிஸ்டத்தின் ரீசெட் ஆப்ஷன்ஸிலோ நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் இருக்கும். படம், எண், செயலி எதுவும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் மொபைல் டேட்டா செட்டிங்ஸும் மட்டும் அழியும். இதைப் பழைய போனில் செய்யுங்கள்.

அடுத்த வழி ப்ளூடூத் டெதரிங், அதாவது ப்ளூடூத் வழியாக இன்டர்நெட்டைப் பகிர்வது. புதுப் போனில் ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே பக்கத்தில் அதைப் போட்டு, இரண்டு போன்களையும் ப்ளூடூத்தில் இணையுங்கள். பழைய போனின் ப்ளூடூத் பட்டியலில் புதுப் போனின் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டு இன்டர்நெட் அக்சஸைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் வேகம்தான் வரும், வாட்ஸ்அப் செய்திக்கும் பாட்டுக்கும் போதும். வீட்டில் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இன்னொரு வழி: புதுப் போனை யுஎஸ்பி டெதரிங்கில் அதனுடன் இணைத்து, லேப்டாப்பின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டலாம்.

பழைய போனில் வைஃபை சுவிட்ச் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தாலோ, போட்டதும் தானே அணைந்தாலோ, வைஃபையைப் போட முயன்ற பிறகும் அபவுட் போன், ஸ்டேட்டஸ் பக்கத்தில் வைஃபை மேக் முகவரி (வைஃபை சிப்பின் அடையாள எண்) 02:00:00:00:00:00 என்றோ அன்அவெய்லபிள் என்றோ காட்டினாலோ, செட்டிங்ஸில் இனி தேடிப் பயனில்லை. வைஃபை சிப் வேலை செய்யவில்லை. பெரும்பாலான போன்களில் ப்ளூடூத்தும் அதே சிப்பில்தான் இருக்கிறது, ஆகவே அதுவும் போடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். போர்டில் சிப் மாற்றும் கூலி பல நேரங்களில் அந்தப் போனின் விலையைத் தாண்டும். கடைக்காரரிடம் திறக்கக் கொடுக்கும் முன்பே தொகையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சிம் ட்ரே நன்றாக இருந்தால், அதிலேயே ஒரு சிம் போட்டு மொபைல் டேட்டாவில் ஓட்டுவது மலிவாக முடியும்.