காலேஜ்ல ஓப்பன் சோர்ஸ் பேப்பர் நடத்தப் போறீங்களா? இப்படி ப்ளான் பண்ணுங்க

எலெக்டிவா ஓப்பன் சோர்ஸ் (கோடை யாரும் பார்க்கலாம், மாத்தலாம், பகிரலாம்னு திறந்து வச்ச சாஃப்ட்வேர்) பாடம் நடத்துங்கன்னு உங்ககிட்ட கொடுத்துட்டாங்கன்னா, உடனே யூனிட் 1 வரலாறு, யூனிட் 2 லினக்ஸ் கமாண்ட்னு சிலபஸ் எழுத உட்கார்ந்துடாதீங்க. செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒவ்வொரு ஸ்டூடண்டும் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரோட ப்ராஜெக்ட்டுக்கு உருப்படியா ஒரு மாற்றம் அனுப்பியிருக்கணும். அதை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு என்னென்ன வேணுமோ அதை மட்டும் 45 பீரியட்ல அடுக்குங்க, பாதியாவது லேப்ல போகட்டும்.

ஸ்டெப் 1: முதல் க்ளாஸ்ல எல்லாரையும் ஃபோனை எடுக்கச் சொல்லுங்க. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், அதுக்குள்ள லீகல்னு போனா லைசன்ஸ் பட்டியல் நீளமா ஓடும். பசங்க அசந்துடுவாங்க. அதை வச்சே 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனுங்கற சுதந்திர ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ராஜெக்டை அறிவிச்சது, 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வெளியிட்டது, 1998-ல ஓப்பன் சோர்ஸ்ங்கற பேர் வந்தது எல்லாம் ஒரே பீரியட்ல சொல்லிடலாம்.

ஸ்டெப் 2: எம்ஐடி லைசன்ஸ் ஒரு பக்கம்கூட வராது, வரிவரியா படிக்க வைங்க. அப்புறம் "இதை மாத்தி வித்தா சோர்ஸ் கொடுக்கணுமா?"ன்னு கேளுங்க. எம்ஐடின்னா தேவையில்ல, காப்பிரைட் குறிப்பையும் லைசன்ஸ் வாசகத்தையும் மட்டும் எடுக்கக் கூடாது. ஜிபிஎல்னா (குனு ப்ராஜெக்டோட லைசன்ஸ்) வாங்கினவருக்கு சோர்ஸ் கிடைச்சே ஆகணும்.

ஸ்டெப் 3: கிட், அதாவது கோடுல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிவு வச்சுக்கற டூல். இதுக்குத்தான் நேரம் தாராளமா ஒதுக்குங்க. கிட்டோட சோர்ஸையே க்ளோன் பண்ணி (நம்ம மெஷினுக்கு காப்பி எடுத்து), மாற்றங்களோட பட்டியலான லாகைத் தலைகீழா ஓட விட்டா 2005 ஏப்ரல்ல டோர்வால்ட்ஸ் போட்ட முதல் கமிட் (பதிவு பண்ணின மாற்றம்) நிக்கும், ஆயிரத்து சொச்சம் வரிதான், பெரிய சாஃப்ட்வேரும் இவ்வளவு சின்னதா ஆரம்பிச்சதுன்னு கண்ணால பார்க்கறப்ப வர்ற தைரியம் எந்த ஸ்லைடும் கொடுக்காது. இன்னொண்ணு, லேப் மெஷின்ல பேர், மெயில் ஐடியை குளோபலா செட் பண்ண விடாதீங்க. முதல் வருஷம் நான் இதை கவனிக்கல, காலை பேட்ச் பையன் பேர்லயே மதியம் வந்த பொண்ணோட கமிட்டும் போயிடுச்சு, அவ வேலைக்கு அவ பேர் இல்லாம போனது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். ஒவ்வொரு ரெப்போக்கும் (ப்ராஜெக்டோட கோடு இருக்கற ஃபோல்டர்) தனியா செட் பண்ணச் சொல்லுங்க.

ஸ்டெப் 4: ப்ராஜெக்ட் தேர்வு. போன மாசம் கமிட் விழுந்திருக்கா, எப்படிப் பங்களிக்கணும்னு சொல்ற கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல் இருக்கான்னு பாருங்க. கோடிங் பயம் இருக்கறவங்க லிப்ரெஆபிஸ் தமிழ் மொழிபெயர்ப்புல ஆரம்பிக்கலாம். தயவுசெஞ்சு "ஆளுக்கு நாலு புல் ரிக்வெஸ்ட்"னு (என் மாற்றத்தைச் சேர்த்துக்கோங்கன்னு அனுப்பற கோரிக்கை) எண்ணிக்கை வைக்காதீங்க. அக்டோபர்ல ஓப்பன் சோர்ஸுக்கு பங்களிக்கத் தூண்டற ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, 2020-ல டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ ஃபைல்ல ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பி அனுப்பி மெயின்டெய்னர்களை (ப்ராஜெக்டைப் பார்த்துக்கறவங்க) நோகடிச்சுட்டாங்க, விதியையே மாத்த வேண்டியதாச்சு.

ஸ்டெப் 5: மார்க். மாற்றம் ப்ராஜெக்டுல மெர்ஜ் ஆனாதான் (சேர்க்கப்பட்டாதான்) மார்க்னு வைக்கவே கூடாது, மெயின்டெய்னர்கள் பலர் வேலை முடிஞ்சு ராத்திரி உட்கார்ந்து பார்க்கறவங்க. பக்கை (சாஃப்ட்வேர்ல இருக்கற பிழை) தன் மெஷின்ல வரவழைச்சுக் காட்டினதுக்கு, பேட்சுக்கு (அனுப்பற திருத்தம்), ரிவ்யூல கேட்டதுக்கு பதில் சொன்ன விதத்துக்குன்னு பிரிச்சுப் போடுங்க. பேட்ச் அனுப்ப 10-வது வாரம் கடைசின்னு வைங்க, பதில் வரவே மூணு வாரம் ஆகலாம், அப்புறம் திருத்தி அனுப்பவும் அவங்களுக்கு நாள் வேணும்ல.