பிக்கப்பை இரவல் வாங்கும் முன்: டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதல் மாதத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் அந்தப் பகுதியை வேகமாக முடித்துவிடுகிறேன். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு உடனே விண்ணப்பியுங்கள். டிரைவிங் லைசன்ஸை 90 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும். லைசன்ஸ் தரும் டிபிஎஸ் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் லேசில் கிடைக்காது, வந்த வாரமே இணையத்தில் இடம் பிடித்துவிடுங்கள். ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் எழுத்துத் தேர்வும் ரோடு டெஸ்டும் உண்டு. கார் வாங்கினால் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) டாக்ஸ் ஆபீசில் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். சட்டம் கேட்கும் குறைந்த அளவு 30/60/25: ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. டாலஸில் ஹைவேயில் உங்களுக்கு முன்னால் போகும் வண்டிகளின் விலையைப் பார்த்தால் இது எவ்வளவு குறைவு என்று தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள். 2025 முதல் வருடாந்திர பாதுகாப்புச் சோதனை கிடையாது, ஆனால் டாலஸ் பக்கத்துப் பெரிய கவுன்ட்டிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு. அவ்வளவுதான்.

இனி, யாரும் சொல்லித்தராத ஒன்று. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று எந்தத் தற்காலிக விசாவில் வந்திருந்தாலும், அமெரிக்காவில் துப்பாக்கியோ ஒரே ஒரு தோட்டாவோ உங்கள் வசம் இருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகள் ரொம்பக் கொஞ்சம். 2022 முதல் இதற்கான உச்ச தண்டனை 15 வருஷம். "நான் எங்கே துப்பாக்கி வாங்கப் போகிறேன்" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என் நண்பனும் வாங்கவில்லை.

மன்னார்குடிக்காரன், எச்-1பியில் வந்தவன், கோபம் வந்தால்கூட குரல் உயராத ஆள். டாலஸை ஒட்டிய இர்விங்கில் ஒரு அப்பார்ட்மென்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினான். சோபாவும் கட்டிலும் காரில் ஏறாது. கூட வேலை செய்யும் டெக்சாஸ்காரர், தங்கமான மனுஷர், "என் பிக்கப்பை எடுத்துக்கோ" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். போடும்போதே, "கன்சோலில் (இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டி) ஒரு கைத்துப்பாக்கி கிடக்கும், அதைக் கண்டுக்காதே" என்றும் சொன்னார். இங்கே பலருக்கு அது வண்டியோடு வரும் ஜாக்கி மாதிரி. நண்பனும் கண்டுகொள்ளவில்லை, கன்சோலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரவில் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. "வண்டியில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பையன், இருக்கிறது என்றான். அதுவரை பிரச்சினை இல்லை, டெக்சாஸில் வண்டிக்குள் துப்பாக்கி இருப்பது அன்றாட விஷயம். அப்புறம் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களின் டெக்சாஸ் லைசன்ஸில் 'லிமிடெட் டெர்ம்' என்று அச்சிட்டிருப்பார்கள். டார்ச்சை அந்த வரியின் மேல் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சிட்டிசன் இல்லையா?" என்று கேட்டார்.

கைது செய்யவில்லை. உரிமையாளரை போனில் வரவழைத்து, துப்பாக்கியையும் வண்டியையும் அவரிடம் ஒப்படைத்து, ஏதோ எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஏதோ' என்ன, அது எங்கே போகும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வக்கீலுக்குப் பணம் அழ வேண்டியிருந்தது. நண்பனின் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தது. ஊருக்குப் போனால் சென்னை தூதரகத்தில் மறுபடி நின்றுதான் திரும்ப முடியும். வழக்கு எதுவும் வராது என்று உறுதியாகும்வரை நாட்டை விட்டு வெளியே போகாதே என்றார் வக்கீல். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். காலை ஏழரை முகூர்த்தம், இங்கே முந்தின நாள் ராத்திரி 9 மணி. தங்கை கையில் அண்ணன் போட வேண்டிய பொரியைச் சித்தப்பா மகன் போட்டான். நாங்கள் சிலர் நண்பன் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். நடுவில் வீடியோ நின்று நின்று வந்தது.

நம் ஆட்கள் இதில் ஏன் மாட்டுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் துப்பாக்கி என்றாலே கலெக்டர் ஆபீஸ்தான். தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் காட்டுப்பன்றி விரட்ட லைசன்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதைப் பத்திரமாகப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு வருவார். பன்றிக்குத் தேர்தல் தேதி எப்படியோ தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் புலம்புவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து, 2021 செப்டம்பர் முதல் பெர்மிட் இல்லாமலே இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற டெக்சாஸில் இறங்கினால், இங்கே எல்லாமே சரிதான்போல என்று தோன்றிவிடுகிறது. மாநிலம் கண்டுகொள்ளாததை மத்திய சட்டம் உங்களுக்கு மட்டும் கண்டுகொள்ளும் என்பது தோன்றுவதில்லை.

கார் பழக்கமும் ஒரு காரணம். இரவல் காரில் இரண்டே கேள்விதான்: சொந்தக்காரர் சம்மதித்தாரா, உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறதா? நீங்கள் எந்த விசா என்பது ரோட்டுக்குத் தேவையில்லை. துப்பாக்கியில் சொந்தக்காரர் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. சட்டம் முதலில் கேட்பதே நீங்கள் யார் என்றுதான். கையில் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருப்பது தெரிந்து, நீங்கள் எட்டி எடுத்துக்கொள்ளும்படி இருந்தாலே வழக்குக்கு வழி உண்டு.

துப்பாக்கி சுட்டுப் பழகும் ஷூட்டிங் ரேஞ்சும் இதே கதைதான். டீம் அவுட்டிங் என்று கூப்பிடுவார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியை நீட்டுவார்கள். ஃபுளோரிடாவில் ஹமீத் ரெஹைஃப் என்ற எமிரேட்ஸ் மாணவர் மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு விசா தகுதியும் போனது. அப்புறம் ஒரு ரேஞ்சில் போய்ச் சுட்டார். தண்டனை 18 மாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபித்தாக வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். நீங்கள் எச்-1பி என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். 'இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது' என்பது வேறு, அது கோர்ட்டில் எடுபடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு உள்ள விதிவிலக்கை நம்பி ரேஞ்சுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழிதான் வேண்டுமென்றால் முதலில் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள், வாட்ஸ்ஆப் குழுவைக் கேட்காதீர்கள். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை போய்விடும். ஆனாலும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்தலாம்.

ஆபீசில் உங்களை இழுக்கப்போகும் ஒரு விவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் டாலஸ் பக்கத்து ஆலன் ஊரின் அவுட்லெட் கடைவளாகத்தில் 8 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஓர் இளம் பெண் எஞ்சினியரும் அதில் ஒருவர். நம் ஆட்கள் வாரக்கடைசியில் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கப் போகும் இடம் அது. அப்போது மதியச் சாப்பாட்டு மேஜையில் நான் கேட்டேன்: காருக்கு லைசன்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கிறதே, துப்பாக்கிக்கும் அப்படியே வைத்தால் என்ன? மான் வேட்டைக்குப் போகும் ஒரு சக ஊழியர் உடனே, "தாராளமாக! இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கார் வாங்கும்போது யாரும் என் குற்றப் பின்னணியைப் பார்ப்பதில்லை. என் சொந்த நிலத்துக்குள் ஓட்ட லைசன்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். டெக்சாஸ் டிரைவிங் லைசன்ஸ் நியூயார்க்கில் செல்லும், டெக்சாஸ் துப்பாக்கி பெர்மிட் அங்கே செல்லாது. காருக்குள்ள சுதந்திரத்தைக் கொடுங்கள், போதும் என்றார்.

அவர் சொன்னது எல்லாமே உண்மை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அந்த மேஜையில் வாய் திறக்காதீர்கள். ஆனால் அவர் சௌகரியமாக விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. பழைய காரை விற்றால் டைட்டில் கைமாறியது கவுன்ட்டியில் பதிவாகிறது. டெக்சாஸில் பழைய துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் ஒரு துண்டுச் சீட்டுகூட வேண்டாம், பின்னணிச் சோதனை கடையில் வாங்கினால்தான். 2019-ல் மிட்லண்ட், ஒடெஸா ஊர்களில் 7 பேரைச் சுட்டுக் கொன்றவன், கடைச் சோதனையில் ஏற்கெனவே தோற்றுப்போய் அப்படித் தனியாளிடம் வாங்கியவன்தான். நம்பர் பிளேட்டை வைத்துக் கார் யாருடையது என்று போலீஸ் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடும். துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு மத்தியப் பதிவேடு வைக்கவே கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை மேற்கு வர்ஜினியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தயாரிப்பாளரையும் கடைக்காரரையும் வரிசையாக விசாரித்து முதலில் வாங்கியவர்வரை போகலாம். அதற்குப் பிறகு கைமாறியிருந்தால் ஆண்டவன் விட்ட வழி.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம் ஆட்கள் நிறைய இருக்கும் சான் ஹோசே நகரம் 2022-ல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று விதி போட்டது. நாட்டிலேயே முதல் ஊர். ஆனால் வேண்டுமென்றே செய்யும் தீங்குக்குக் காப்பீடு பணம் தராது. 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. அதைக் காப்பீடு எப்படித் தடுக்கும்? அதே வருஷம் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 43,000 அளவில். காரில் உண்மையில் வேலை செய்தது 1966-க்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகளும், ஒவ்வொரு விபத்தையும் எழுதிவைத்துப் படித்ததும்தான். பத்துக் கோடி மைலுக்கு 5-க்கு மேல் இருந்த சாவு ஒன்றேகாலை ஒட்டி வந்துவிட்டது. பிள்ளைகளின் பொம்மையைக்கூடத் திரும்பப் பெற வைக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியைத் தொட அதிகாரமே இல்லை. எனக்குக் கார் மாதிரி வேண்டியது இந்த இரண்டு விஷயம்: கைமாறினால் பதிவு, பொருளின் தரத்துக்கு ஒரு கண்காணிப்பு. வேட்டைக்குப் போகும் அந்தச் சக ஊழியர் ஒத்துக்கொள்ளவில்லை. கார் ஓட்டுவது அரசு தரும் சலுகை, துப்பாக்கி அரசியல் சாசனம் தந்த உரிமை, 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். பேச்சு மறுநாளும் ஓடியது.

விவாதம் எப்படிப் போனாலும் போகட்டும், போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆர்.சி. புக்கோடு இறங்கி, சாரிடம் நடந்து போவோம். இங்கே இறங்கவே கூடாது. கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங் மேல் வையுங்கள். இன்ஷூரன்ஸ் தாளை எல்லோரும் கிளவ் பாக்ஸில் வைப்பார்கள், இங்கே பலர் துப்பாக்கி வைப்பதும் அங்கேதான். அதனால் சொல்லாமல் அங்கே கை கொண்டுபோகாதீர்கள். 2016-ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர், பெர்மிட் வைத்திருந்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு அடையாள அட்டையை எடுக்கப்போன நேரத்தில் போலீஸ் அதிகாரியால் சுடப்பட்டு இறந்தார். நான் இன்ஷூரன்ஸ் தாளைச் சன் வைசரில் செருகி வைத்திருக்கிறேன்.

யாருடைய வண்டியை வாங்கினாலும், "உள்ளே துப்பாக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள், என் விசாவுக்கு ஆகாது" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஹோம் டிப்போவில் பிக்கப் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். லைசன்ஸையும் கிரெடிட் கார்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் ஒன்றும் மிச்சமிருக்காது.