ஐம்பது வீட்டு எஸ்.டி.பி.யை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) ஓட்டுவது எப்படி?

மாதவரம், கொளத்தூர், மணலி பக்கம் ஐம்பது வீடு உள்ள குடியிருப்பு என்று வையுங்கள். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் மொத்தம் 21,600 லிட்டர். 25 கே.எல்.டி. (நாளைக்கு 25 ஆயிரம் லிட்டர்) எஸ்.டி.பி. போதும். கட்டுவது சுலபம், ஓட்டுவதுதான் பாடு. கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கில், அந்தக் காற்றை நம்பி வாழும் பாக்டீரியாதான் அங்கே வேலைக்காரர்.

புது டேங்கில் வெறும் கழிவுநீரை விட்டுப் புளோவரை (காற்று ஊதும் இயந்திரத்தை) போட்டால், பாக்டீரியா பெருக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு எஸ்.டி.பி.யிலிருந்து, டேங்க் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஸ்லட்ஜை (பாக்டீரியா நிறைந்த சேற்றை) கொண்டுவந்து ஊற்றுங்கள். பாதி வீட்டில்கூட ஆள் வராத நாளிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அப்புறம் தினமும் ஒரே ஒரு சோதனை. புளோவர் ஓடும்போது ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு, நிழலில் 30 நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். சாக்லேட் நிற ஸ்லட்ஜ் 250 முதல் 350 மில்லி வரை படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் கவலையில்லை. 150க்குக் கீழே என்றால் ஸ்லட்ஜை வெளியேற்றுவதை நிறுத்துங்கள். 400ஐத் தாண்டினால் அவசரப்பட்டு வெளியேற்றாதீர்கள்; சுத்திகரித்த நீரைச் சரிபாதி கலந்து மறுபடி பாருங்கள். இப்போது நன்றாக இறங்கினால் ஸ்லட்ஜ் அதிகம், ஸ்லட்ஜைப் பிழிந்து நீரைப் பிரிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்பலாம். பஞ்சு போலவே மிதந்தால் இழை பாக்டீரியா பெருகிவிட்டது. பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. ஜாடியை இரண்டு மணி நேரம் விட்டதும் கட்டி கட்டியாக ஸ்லட்ஜ் மேலே வருகிறதா? ஸ்லட்ஜ் படியும் அடுத்த தொட்டியான செட்டிலிங் டேங்கில் அது அதிக நேரம் தங்குகிறது; அதை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பைக் கூட்டுங்கள்.

நிறம் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்று போகவில்லை. கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் புளோவர் நின்றாலே இந்தக் கதிதான். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் வைத்தவர்கள் புளோவரை மறந்துவிடுகிறார்கள்! வாளி வாளியாக ஆசிட்டும் ஃபினாயிலும் ஊற்றிக் கக்கூஸ் கழுவும் வீடுகளிடமும் பேசியாக வேண்டும்; அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

நீர்ப்பரப்பில் ஒரே இடத்தில் மட்டும் உலை கொதிப்பது போலக் கொப்பளித்தால் அங்கே டிஃப்யூசரின் (அடியில் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் பாகத்தின்) ரப்பர் கிழிந்திருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் கடற்காற்றில் மேலே உள்ள இரும்புக் குழாயும் கிளாம்பும் துருப்பிடிப்பதையும் பாருங்கள். டிஃப்யூசரை மாற்ற டேங்கைக் காலி செய்யத் தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் செய்யவே கூடாது. நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது வெற்று டேங்கை அது கீழிருந்து தூக்கும், தரை விரிசல் விடும். விஷவாயு இருக்கும் என்பதால் உள்ளே ஆளை இறக்குவதும் எந்த மாதத்திலும் ஆகாது. கட்டும்போதே மேலிருந்து தூக்கி எடுக்கும் வகை டிஃப்யூசரைக் கேட்டு வாங்குங்கள்.